உரை எழுதாத நிரல்

1

ஆய்வகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் எழுத உட்காரும்போது, எந்த மொழியில் எழுதுவது என்கிற பேச்சு பெரும்பாலும் ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். பைத்தான் எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரியும். தேவையான நூலகங்கள் இருக்கின்றன. சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் உண்டு. ஆகவே பைத்தான். எப்போதாவது ஒருவர் மட்டும், "சார், நான் ஜூலியால எழுதட்டா?" என்று கேட்பார். வழிகாட்டி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார், அவ்வளவுதான். பையன் ஆர்வமாக இருக்கிறான், வேலை நடந்தால் சரி என்று தலையாட்டிவிடுவார்.

இதைத் தொழில்நுட்பத் தேர்வாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எது வேகம், எதில் நூலகம் அதிகம், எதைக் கற்பது எளிது. எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகவும் படுகிறது. முடிவை எடுப்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்பதுதான் காரணம்.

மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் எழுதும் நிரலை இன்னொருவராவது வாசித்த பிறகுதான் உள்ளே சேர்ப்பார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போனாலும் குழு இருக்கும். ஆய்வகத்தில் அப்படி இல்லை. ஒரு முனைவர் பட்ட மாணவர் நான்கைந்து வருடம் தனியாக எழுதுகிறார். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் இருந்த நாற்காலியில் அடுத்தவர் வந்து உட்கார்கிறார். முந்தையவர் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வரிகளின் மேல் தன் ஆய்வைக் கட்டியாக வேண்டும். மொழித் தேர்வு நடந்த அந்த டீக்கடைப் பேச்சில் இவர் இல்லை.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நாஞ்சில் நாடன் 1977-இல் 'தலைகீழ் விகிதங்கள்' எழுதியபோது நாஞ்சில் நாட்டுப் பேச்சை உள்ளபடியே அதில் கொண்டுவந்தார். சேலத்து வாசகர் சில இடங்களில் தடுக்கி விழுந்திருப்பார். விழுந்தாலும் எழுந்து அடுத்த பத்திக்குப் போய்விடலாம், கதை கைவிடாது. கணினி நிரலில் அப்படி ஊகித்துத் தாண்டிப் போக முடியாது. ஒரே ஒரு வரி விளங்காவிட்டாலும், அந்த வரியிலிருந்து வரும் எண் சரியா தப்பா என்று சொல்ல முடியாமல் போகும்.

அப்படியானால் சிறிய மொழியைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எந்த விலையில்?

2

முதலில் சிறிய மொழியின் பக்கத்தைக் கேட்போம். ஜூலியாவை 2012 பிப்ரவரி 14-ஆம் தேதி நான்கு பேர் உலகுக்கு அறிவித்தார்கள். ஜெஃப் பெசன்சன், ஸ்டெஃபான் கார்பின்ஸ்கி, வைரல் ஷா, ஆலன் எடெல்மன். இவர்களில் வைரல் ஷா இந்தியர், ஆதார் திட்டத்திலும் வேலை பார்த்தவர். அவர்கள் தீர்க்க நினைத்த பிரச்சினைக்கு 'இரு மொழிச் சிக்கல்' என்று பெயர்.

விஞ்ஞானி யோசிப்பதற்கு வசதியான மொழி ஒன்று, கணினி வேகமாக ஓடுவதற்கு வசதியான மொழி இன்னொன்று. பைத்தானில் எழுதிப் பார்ப்பார். சின்னத் தரவுக்கு ஓடும். பெரிய தரவைக் கொடுத்தால் நாள்கணக்கில் இழுக்கும். உடனே அந்தப் பகுதியை மட்டும் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ திரும்ப எழுத வேண்டும். பைத்தானில் எண் கணக்குப் போட எல்லாரும் பயன்படுத்தும் நம்பை நூலகத்தின் உள்பகுதி சி-யில் இருக்கிறது. சைபை நூலகம் பல ஆண்டுகளாகப் பழைய ஃபோர்ட்ரான் நிரல்களின் தோளில் நின்றது. ஆக, "நான் எல்லாருக்கும் தெரிந்த மொழியில்தான் எழுதுகிறேன்" என்பது பாதி உண்மை. மேல்தளம் எல்லாருக்கும் தெரியும். கணக்கு உண்மையில் நடக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்ப்பவர்கள் வெகு சிலர்.

ஜூலியா இந்த இரண்டு தளங்களையும் ஒன்றாக்கப் பார்த்தது. வேகமான பகுதியும் விஞ்ஞானி வாசிக்கக்கூடிய அதே மொழியில் இருக்கும். இது வெறும் ஆசையாக நின்றுவிடவும் இல்லை. 2017-இல் செலெஸ்ட் என்ற வானியல் திட்டம் ஜூலியாவில் எழுதிய நிரலை அமெரிக்காவின் கோரி மீக்கணினியில் ஓட்டி, வானத்தைப் படமெடுத்த பெரும் தரவிலிருந்து 18.8 கோடி விண்பொருட்களின் பட்டியலை 14.6 நிமிடத்தில் கணித்தது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வகைக் கணக்கு வீட்டுப் பக்கத்திலேயே உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறிக்கொண்டு வரும். முப்பந்தல் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தில் 10 சதவீதம் பிசகினால் ஆற்றலில் 33 சதவீதம் பிசகும். சராசரி வேகத்தை எடுத்து மும்மடி போட்டாலும் தப்பான விடைதான் வரும். ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் மும்மடி போட்டுப் பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். பல வருட அளவீடுகளை வைத்து, நிலத்தின் மேடுபள்ளத்தையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்யும்போது வேகமான மொழி ஆடம்பரமாக இருக்காது, தேவையாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை இப்படிப்பட்ட காற்று ஆய்வில்தான் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்த மாணவர் ஜூலியாவில் நான்காயிரம் வரி எழுதி வைத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். வழிகாட்டிக்கு ஜூலியா தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மூணு மாசமா இத வாசிச்சிட்டே இருக்கேன். எந்த வரி காத்தப் பத்திப் பேசுது, எந்த வரி அவரோட புத்திசாலித்தனத்தப் பத்திப் பேசுதுன்னே தெரியல. பேசாம எல்லாத்தையும் களஞ்சிட்டு பைத்தான்ல மொதல்ல இருந்து எழுதட்டா?"

"எழுதலாம் மக்களே. எங்க சிக்கி நிக்கிற, அதச் சொல்லு மொதல்ல."

அவள் காட்டிய இடத்தில் ஒரு எண் இருந்தது. 0.21.

தரைக்கு அருகில் காற்று மெதுவாகவும் உயரே போகப்போக வேகமாகவும் வீசும். 10 மீட்டர் உயரத்தில் அளந்த வேகத்தை வைத்து 80 மீட்டரில் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க ஒரு அடுக்கு விதி இருக்கிறது. பாடப்புத்தகங்களில் அந்த அடுக்கு ஏழில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 0.143 என்று போட்டிருக்கும். மரமும் மலையும் கட்டடமும் உள்ள கரடான நிலத்தில் அது கூடும். இவள் கையில் இருந்த நிரலில் 0.21. அந்தக் கணவாயில் உண்மையாகவே அளந்து பெற்ற எண்ணா? வேறு ஏதோ கட்டுரையிலிருந்து எடுத்ததா? சும்மா ஓட்டிப் பார்க்கப் போட்டு மாற்ற மறந்ததா? ஒரு குறிப்பும் இல்லை.

சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 மீட்டரில் நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால், 0.143 போட்டால் 80 மீட்டரில் சுமார் 6.7 வருகிறது. 0.21 போட்டால் சுமார் 7.7. மும்மடி எடுத்தால் ஆற்றல் ஒன்றரை மடங்கு. அவளது ஆய்வேட்டின் அடுத்த இரண்டு அத்தியாயங்கள் அந்த ஒரு எண்ணின் மேல் நிற்கின்றன.

3

பைத்தானுக்கு மாற்றினால் பிரச்சினை தீருமா? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. நான்காயிரம் வரியையும் பிசகில்லாமல் மாற்றினாலும், ஜூலியாவில் 0.21 என்றிருந்தது பைத்தானிலும் 0.21 என்றுதான் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதை எந்த மொழியும் சொல்லாது.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும். பரவலான மொழியில் இருந்தால் நிறையக் கண்கள் பார்க்கும், யாராவது ஒருவர் "இது ஏன் 0.21?" என்று கேட்டிருப்பார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

2014-இல் வேதியியலாளர்கள் பயன்படுத்துவதற்காகச் சில பைத்தான் நிரல்கள் ஒரு பிரபல ஆய்விதழில் வெளியாயின. மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் கணக்கு. யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம், உலகில் அதிகம் பேருக்குத் தெரிந்த மொழி. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதே தரவை வெவ்வேறு கணினிகளில் ஓட்டியபோது வெவ்வேறு விடை வந்தது. காரணம் அற்பமானது. கோப்புகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வரும் என்று நிரல் நம்பியிருந்தது. சில இயங்குதளங்கள் அப்படித் தந்தன, சில தரவில்லை. 150-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. ஐந்து வருடம் யாரும் பார்க்கவில்லை. எல்லாராலும் வாசிக்க முடியும் என்பதாலேயே, யாரோ வாசித்திருப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

பரவலான மொழி கைகளைக் கூட்டித் தரும். கண்களை நாமேதான் தேட வேண்டும்.

சிறிய மொழி இதில் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2022 மே மாதம் யூரி விஷ்னெவ்ஸ்கி என்பவர், ஜூலியாவை இனி ஏன் பரிந்துரைக்க மாட்டேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். பல வருடம் அதில் வேலை பார்த்தவர். ஜூலியாவின் பெருமையே தனித்தனியாக எழுதிய நூலகங்களை எளிதாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம் என்பதுதான். அப்படிக் கோக்கும் இடங்களில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான விடைகள் வந்ததை அவர் வரிசையாகக் காட்டினார். இரண்டு நூலகங்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஆட்கள் குறைவு. ஆகவே அந்த மூலையில் விளக்கு வைத்துப் பார்த்தவர்களும் குறைவு. பெரிய மொழியில் பிழை கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. சிறிய மொழியில் ஆளில்லாத இடத்தில் தங்கிவிடுகிறது.

4

கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதன் பொருள் மட்டும் காணாமல் போகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஜான் வாரன் 1825-இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றியது. அதில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றிச் சொல்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் எண்களாக இல்லை. எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, சொற்களாகவும் வாக்கியங்களாகவும் கட்டப்பட்டிருந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மரபு. அவர் கணித்த 1825 மே 31, ஜூன் 1 கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம் மட்டுமே பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. பிற்காலத்தில் அறிவியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகெபவர் இதை எடுத்து ஆராய்ந்தார்.

என்னை உறுத்துவது வாரன் சொல்லும் இன்னொரு தகவல். அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது. அபாரமான நினைவாற்றல் இருந்தது, படிகளைப் பிசகாமல் செய்தார். நிரல் ஓடியது, நிரலின் பொருள் அவரிடம் இல்லை. 52 நிமிடம் பிசகும்போது எந்த வாக்கியத்தைத் திருத்துவது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அவருக்கும் யாரோ ஒருவர் காரணம் சொல்லாமல் ஒரு 0.21-ஐக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் அந்தக் கணித முறை அழியவில்லை. 'வாக்கியகரணம்' என்ற அடிப்படை நூலுக்கு சுந்தரராஜர் என்பவர் உரை எழுதியிருந்தார். தமிழ்நாட்டுக்காரர், கேரளத்து வானியலாளர் நீலகண்ட சோமயாஜியின் காலத்தவர். வாக்கியங்கள் எப்படிப் பிறந்தன, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது அந்த உரையில் இருக்கிறது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் 1962-இல் மூலத்தையும் உரையையும் சேர்த்துப் பதிப்பித்தார்கள். சோழி அடுக்க இன்று யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரை இருப்பதால் அந்தக் கணக்கை எந்த மொழியிலும் திரும்ப எழுதலாம்.

நம்ம ஆட்களுக்கு உரை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. உரையாசிரியர்கள் இல்லாமல் தொல்காப்பியத்துக்குள் நம்மில் எத்தனை பேரால் தனியாக நடக்க முடியும்? கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சில் கதை எழுதினார், 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியும் கொண்டுவந்தார். தன் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் வர விரும்புகிறவருக்கு ஒரு வாசலும் வைத்தார்.

5

இப்போது இன்னும் கஷ்டமான பகுதி. உரை எழுதிவிட்டால் போதுமா? மொழியைத் தேர்வது அடுத்தவரின் வருடங்களையும் பிழைப்பையும் தொடுகிறதே.

சென்னை ஐஐடியில் 2014 வாக்கில் வி. காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற செயலித் திட்டம் தொடங்கியது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை வைத்து இந்தியாவிலேயே செயலிகளை வடிவமைக்கும் முயற்சி. சில்லு வடிவமைப்பில் உலகம் முழுக்க வெரிலாக், விஎச்டிஎல் என்ற இரண்டு மொழிகள்தான் பரவலாக இருக்கின்றன. சக்தி குழு தேர்ந்தெடுத்தது புளூஸ்பெக். ஹாஸ்கெல் என்ற கணித வாசனையுள்ள மொழியின் வழியில் வந்தது, எம்ஐடி பேராசிரியர் அர்விந்தின் ஆய்விலிருந்து வளர்ந்தது. வெரிலாக்கில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் என்ன நடக்க வேண்டும் என்று நாமே கவனித்து எழுத வேண்டும். புளூஸ்பெக்கில் விதிகளாக எழுதலாம், எந்தச் சூழலில் எது நடக்கலாம் என்று. விதிகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது மொழிபெயர்ப்பானின் வேலை. சிறிய குழு பெரிய செயலியைக் கட்ட வேண்டும் என்றால் இது பெரிய வசதி. 2018-இல் அவர்களுடைய சில்லுகள் கைக்கு வந்தன. ஒன்று இன்டெல்லின் அமெரிக்க ஆலையிலும் இன்னொன்று சண்டிகரிலும் தயாரானது.

இதில் ஒரு நெருடலும் இருந்தது. சக்தியின் வடிவமைப்பு திறந்த மூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் புளூஸ்பெக்கின் மொழிபெயர்ப்பான் 2020 ஜனவரியில்தான் திறந்த மூலமானது. அதுவரை திறந்த வீட்டின் சாவி ஒரு சிறிய நிறுவனத்திடம் இருந்தது. இந்த நிலையிலும் அந்தத் தேர்வைத் தாங்கிப் பிடித்தவை இரண்டு. புளூஸ்பெக் கடைசியில் வெரிலாக்கைத்தான் வெளியே தருகிறது, ஆகவே மொழி கைவிட்டாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஐஐடி ஒரு பள்ளி. புதிதாக வரும் மாணவர்களுக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுக்க அங்கே மூத்தவர்கள் இருக்கிறார்கள். வெளியேறும் மாணவருக்கு ஐஐடி என்ற பெயரே வேலை வாங்கித் தரும்.

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு இந்த மெத்தை கிடையாது. அவளை ஒரு சிறிய மொழிக்குள் இறக்கிவிட்டால் விழுகிற அடி நேராக அவள் மேல்தான் விழும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நேர்முகத்துக்குப் போனால், "பைத்தான்ல என்ன பண்ணியிருக்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதே தேர்வு ஐஐடியில் துணிச்சல், இங்கே சூதாட்டம். பணயம் வைப்பது இன்னொருவரின் ஐந்து வருடம்.

யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் செய்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847-இல் வந்தவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசு வேலையும் தோட்ட வேலையும் தேடி வெளியே போனார்கள், கிராமங்களில் மருத்துவர் இல்லை. 1860-களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் ஊரிலேயே இருப்பார் என்பது அவர் எண்ணம். அன்று நவீன மருத்துவத்துக்குத் தமிழைவிடச் சிறிய மொழி வேறென்ன இருந்திருக்கும்? அவர் அதற்கான உரையையும் எழுதினார். 'இரண வைத்தியம்' 1867-இல் வந்தது, 'கெமிஸ்தம்' 1875-இல். கலைச்சொற்களைத் தொகுத்தார். இலங்கையை விட்டுப் போன பிறகும் அந்த வேலையை நிறுத்தவில்லை.

தமிழில் அறிவியல் எழுதும் எவரும் கிறீனுக்குக் கடன்பட்டவர்கள். ஆனாலும் அந்த எண்ணத்தில் ஒரு முள் இருக்கிறது. மாணவர் வெளியே போக முடியாமல் இருப்பதைத்தான் அந்தத் திட்டம் நம்பியிருந்தது. கிராமத்துக்கு நல்லது. மாணவருக்கு? அவரிடம் கேட்டார்களா? நல்ல நோக்கத்துக்காகச் சிறிய மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பேராசிரியரும் இந்த முள்ளைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

6

எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்து வருபவரை நினைத்து எல்லாரும் பெரிய மொழியிலேயே இருந்துவிட்டால் புதிய மொழி எப்படி வளரும்? ஃபோர்ட்ரான் 1957-இல் வந்தது. பல பத்தாண்டுகள் விஞ்ஞானிகளின் மொழி என்றால் அதுதான். பைத்தான் 1991-இல் வந்தபோது அது சின்னஞ்சிறு மொழி. 1995-இல் அதில் எண் கணக்குக்கான முதல் நூலகத்தை எழுதியவர்களும், அதை நம்பித் தங்கள் ஆய்வை அதில் எழுதியவர்களும், அன்றைய பெரும்பான்மைக்கு எதிராகத்தான் நின்றார்கள். இன்று "பைத்தான்தான் பாதுகாப்பு" என்று நாம் சொல்வது, பாதுகாப்பைப் பார்க்காத சிலர் போட்டுத்தந்த ரோட்டில் நின்றுகொண்டுதான். அந்தப் பாதுகாப்பும் நிரந்தரமானதல்ல. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் எழுதிய எத்தனையோ ஆய்வு நிரல்கள் இன்று அப்படியே ஓடாது. அதைவிட மூத்த ஃபோர்ட்ரான் நிரல்கள் பல இன்னும் ஓடுகின்றன. இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை வைத்து நாளைக்கு எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று கணிக்க முடியாது.

ஆகவே சிறிய மொழியைத் தேர்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடமை கூடுகிறது என்றுதான் சொல்வேன். பெரிய மொழியில் எழுதுபவருக்குப் பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் உதவுவார், இணையம் கொஞ்சம் உதவும். சிறிய மொழியில் எழுதுபவர் அந்த இடத்தையும் தானே நிரப்ப வேண்டும். எந்தச் சமன்பாடு, அது எந்த நூலிலிருந்து வந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அலகு, எங்கே அளந்தது, எங்கே ஊகித்தது. விடை முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கு, அதை ஓட்டிப் பார்த்து நிரல் சரியா என்று அறிந்துகொள்ள. இதெல்லாம் இல்லாத நிரல் எந்த மொழியில் இருந்தாலும் பாதி நிரல்தான். பெரிய மொழியில் அது சோம்பல் என்றால், சிறிய மொழியில் கைவிட்டுப் போவதற்குச் சமம்.

வழிகாட்டிக்கும் ஒரு கடமை இருக்கிறது. தானும் அந்த மொழியை வாசிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளாமல், ஒரு மாணவரை அதில் எழுதவிட்டு, அடுத்த மாணவரிடம் அதைக் கையளிக்கக் கூடாது. இரண்டு பேராவது வாசிக்க முடிந்தால்தான் அது மொழி. ஒருவர் மட்டும் வாசிப்பது நாட்குறிப்பு. அடுத்த மாணவர் சேரும்போதே, "இந்த நிரல் இந்த மொழியில் இருக்கிறது, கற்க இவ்வளவு நாள் ஆகும், வெளியே இதற்கு இவ்வளவுதான் மதிப்பு, சம்மதமா?" என்று கேட்டுவிட வேண்டும். அவர் முடியாது என்று சொல்வதற்கு இடம் இருக்க வேண்டும்.

அந்தத் தங்கை பழைய மாணவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். மரியாதையாகவே பதில் வந்தது, அவருக்கு நினைவில்லை. அவள் எதையும் களையவில்லை, வேறு மொழிக்கு மாற்றவும் இல்லை. நிரலை மூடி வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை முதலில் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். பதினோரு பக்கம் வந்தது. எழுதி முடித்தபோது ஜூலியாவா பைத்தானா என்ற கேள்வி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்றாள். கோபுரத்தில் இரண்டு உயரங்களில் அளந்த பழைய தரவு கைவசம் இருந்தது. அதிலிருந்து அந்த அடுக்கைத் தானே கணக்கிட்டாள். பருவக்காற்று மாதங்களில் ஒரு எண், மற்ற மாதங்களில் வேறு எண். இரண்டுமே 0.21 இல்லை. இதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலத்தில் ஐந்து மாதம் கரைந்திருந்தது. அந்த மாதங்களை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப் போவதில்லை.

இப்போது அந்த வரிக்கு மேலே எட்டு வரிக் குறிப்பு இருக்கிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையான தரவு, எந்த உயரங்கள், எவ்வளவு பிசகலாம், எப்போது இதை நம்பக் கூடாது. நிரல் இன்னும் ஜூலியாவில்தான் இருக்கிறது. இவளுக்கு அடுத்து வருபவருக்கு அந்த மொழி பிடிக்காமல் போகலாம், வேறு எதிலாவது திரும்ப எழுதிக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது அவர் கையில் இருக்கும்.